வாய் வைத்துக் குடித்தவள்

மழை விட்ட பிறகும் அந்தப் பீடிக்கடையின் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் காற்றில் புகையிலைத்தூள் பறந்துவிடும். ஈரச்சாக்கில் சுற்றி வைத்த இலை காய்ந்து முறுகிவிடும். தாராவிச் சந்துக்குள் தகரம் போட்ட ஒற்றை அறை. பதினாறு பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் அது. ஊரெல்லாம் புதுக் காய்ச்சல். ஒரே வாரத்தில் நாலு பேர் படுத்துவிட்டார்கள். மிச்சம் பன்னிரண்டு பேரின் கண்ணும் மூலையிலிருந்த பானை மேல்தான் இருந்தது. சரியாகச் சொன்னால், பானை மூடியில் கவிழ்த்திருந்த பித்தளை டம்ளர் மேல்.

அந்த டம்ளரில் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு படக்கூடாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எவளோ ஒருத்தி வாய் வைத்துக் குடிக்கிறாள், அவள் எச்சில்தான் இத்தனை பேரைச் சாய்த்தது என்று கங்காணி பிரம்மநாயகம் முடிவு கட்டிவிட்டார். அவள் பிடிபட்டால் இனி அவளுக்கு இலை கிடையாது. இருமுகிறவளுக்கும் கிடையாது.

பேராச்சிக்கு அன்று காலையிலேயே தொண்டையில் முள் மாதிரி என்னவோ உறுத்தியது. தோல் பட்டறையில் கை நசுங்கிய புருஷன் குடிசையில் கிடக்கிறான். இந்த இலையும் நின்றுபோனால் அடுப்பு எரியாது. வந்த இருமலை எச்சிலோடு விழுங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். வேறு யாராவது பிடிபட்டால் தன்மேல் கண் விழாது. அன்னத்தாயா? மாடத்தியா? இந்த முருகம்மாள் மட்டும் ஏன் தண்ணீர் குடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள்? பேராச்சியை இந்தக் கடையில் சேர்த்துவிட்டதே முருகம்மாள்தான். அது ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. ஆனாலும் மத்தியானம் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்தபோது, சிம்னி விளக்கின் கரியை விரலில் வழித்து டம்ளரின் விளிம்பில் பூசிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முருகம்மாள் எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

"ஏளா முருகம்மா, ஒன் ஒதட்டுல என்னது கரி?"

பேராச்சியின் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. முருகம்மாள் புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். வாசலருகே இருந்த பிரம்மநாயகம் எழுந்து வந்தார்.

"கை நடுங்குது அண்ணாச்சி," என்றாள் முருகம்மாள். "பன்னெண்டு வருசமா கத்திரி புடிச்ச கை. தூக்கி ஊத்துனா சேலைதான் குடிக்கி. எனக்குக் காய்ச்ச ஒண்ணும் இல்லல்லா, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை. ஆளுக்கு ஒரு பேச்சாகப் பேசித் தீர்த்தார்கள். தீபாவளிச் சரக்கு பாக்கி நின்றதால் பிரம்மநாயகம் அவளை உடனே விரட்டவில்லை. வெளியே சந்தில், சாக்குப்படுதாவின் கீழ் உட்காரச் சொன்னார். பானைப் பக்கம் வரக்கூடாது. முருகம்மாள் வெளியே உட்கார்ந்தாள். காற்றில் அவள் தூள் பறந்தது, இலை முறுகியது. சாயங்காலம் அவள் கட்டுகளில் பாதியைக் கழிவு என்று ஒதுக்கிப் போட்டார். பேராச்சி புளியும் சாம்பலும் போட்டு டம்ளரை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள்.

மூன்றாம் நாள் முனிசிபாலிட்டி ஆள் ஒருத்தன் வந்தான். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று இந்தியில் கேட்டு எழுதிக்கொண்டான். அடைத்த அறையில் ஒருத்தர் விடும் மூச்சும் இருமலும்தான் இன்னொருத்தருக்குப் போகிறது, காற்று வரட்டும் என்று சொல்லி, அவனே ஜன்னலைத் தள்ளித் திறந்தான். வெளிச்சம் விழுந்தது. பேராச்சிக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. அடுத்த நொடியே பதினொரு மடியிலும் தூள் எழும்பியது. பெண்கள் முந்தானையால் சுளகை மூடிக்கொண்டு சத்தம் போட்டார்கள். தூள் எடை குறைந்தால் அது அவர்கள் தலையில்தான் விழும். பேராச்சியும் சத்தம் போட்டாள். எச்சிலென்றால் கழுவலாம். கண்ணுக்குத் தெரியாத மூச்சை எவன் பார்த்தான்? முகம் தெரியாதவன் ஒருத்தன் நம் பிழைப்பைக் கெடுக்க வந்திருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவன் தலை மறைந்ததும் பிரம்மநாயகம் ஜன்னலைச் சாத்தினார்.

இரண்டு நாளில் இன்னும் ஐந்து பேர் விழுந்தார்கள். எல்லாரும் உள்ளே இருந்தவர்கள். வெளியே முருகம்மாள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"குடுத்தவ கல்லு மாதிரி இருக்கா, வாங்குனவளுவ படுத்துக் கெடக்காளுவ," என்றார் பிரம்மநாயகம். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவள் மடியிலிருந்து சுளகை எடுத்துக்கொண்டார்.

"நான் டம்ளரைத் தொட்டு அஞ்சு நாளாச்சு அண்ணாச்சி." இதைச் சொல்லும்போது முருகம்மாள் அவரைப் பார்க்கவில்லை, வாசல் வழியே பேராச்சியைத்தான் பார்த்தாள்.

அஞ்சு நாள். பேராச்சி மனசுக்குள் ஒருதரம் எண்ணிப் பார்த்தாள், கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். இருமல் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தபோது படுதாவின் கீழ் யாரும் இல்லை.

பிரம்மநாயகம் புது டம்ளர் ஒன்று வாங்கிவந்து பானை மேல் வைத்தார். பிறகு, எவனும் வந்து திறக்காதபடி ஜன்னலின் குறுக்கே பலகை வைத்து ஆணி அடிக்கத் தொடங்கினார். பேராச்சிக்கு உடம்பு கொதித்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு, எல்லாரும் பார்க்கும்படி அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கினாள். கை நடுங்கியது. தண்ணீர் மோவாயில் பட்டுக் கழுத்தில் வழிந்து சேலையை நனைத்தது. ஒரு சொட்டும் வாய்க்குள் போகவில்லை. மறுபடி மொண்டாள். மிச்சமிருந்த ஐந்து பேரும் பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.