ஒயருக்கும் இடம் விடணும்

"உறையைக் கிழிச்சா திருப்பி எடுத்துக்க மாட்டோம்" என்று கடைக்காரர் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கிழிக்கவும் மனசில்லாமல் வைக்கவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள் அவள். கட்டட வரைபடம் போடும் வேலை திங்கட்கிழமை ஆரம்பம்; அதற்குள் கம்ப்யூட்டரைப் பூட்டி முடிக்க வேண்டும். மதர்போர்டுக்கேற்ற பிராசஸர், அதைத் தாங்குகிற பவர் சப்ளை என்று ஒவ்வொன்றையும் ஒத்துப்போகுமா என்று பார்த்துப் பார்த்து வாங்கியாயிற்று. இதெல்லாம் உள்ளே உட்காரும் கூடான கேபினெட் மட்டும் அண்ணன் ஆபீசில் கழித்துப்போட்டது. கார்டு அதில் உட்காராவிட்டால் கையிருப்பும் காலி, வேலையும் போச்சு.

"கார்டு இருபத்துநாலு சென்டிமீட்டர். உள்ளே இருபத்தஞ்சு இருக்கு. கிழிச்சிடவா அண்ணி?"

தையல் மிஷினிலிருந்த அண்ணி தலையைத் தூக்காமலே கேட்டாள். "உடம்பு முப்பத்தாறுன்னா முப்பத்தாறுக்கே துணி வெட்டுவியா?"

"இது என்ன சட்டையா?"

"சட்டைன்னா கூட தப்பா வெட்டினா பிரிச்சுத் தைக்கலாம்."

கழுத்தில் டேப்போடு எழுந்து வந்தாள் அண்ணி. பழைய அட்டையில் கார்டு அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கேபினெட்டுக்குள் விட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"பார்த்தீங்களா!"

அண்ணி கார்டுப் பெட்டிமேலிருந்த படத்தைத் தட்டினாள். "இந்த ஓட்டை எதுக்கு?"

"பவர் ஒயர் சொருக."

"எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் படத்தைக் குனிந்து பார்த்தாள். வால்பக்கம்! ஒயரின் தலையே இரண்டு விரற்கடை. வளைவதற்கு வேறு இடம் வேண்டும்.

"போச்சு அண்ணி."

"அழறதை அப்புறம் வச்சுக்கோ. எதிர்ல மறிச்சுக்கிட்டு நிக்குதே, இந்தக் கூண்டு எதுக்கு?"

"ஹார்ட் டிஸ்க் வைக்க. நம்ம டிஸ்க் போர்டு மேலேயே உட்கார்ந்துடும். இதுக்கு வேலையே..." பாதியில் நிறுத்தினாள்.

"வேலையில்லாம இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கா? உங்க அண்ணனைச் சொல்லலை, ஸ்க்ரூடிரைவரை எடு."

நாலே திருகு. கூண்டு கையோடு வந்துவிட்டது. ஒயரை அட்டையின் வாலில் பிடித்து வளைத்துப் பார்த்தார்கள். தாராளம்.

உறையை ஒரே இழுப்பில் கிழித்தாள். சாயங்காலத்துக்குள் திரையில் வெளிச்சம் வந்தது.

அண்ணி அந்த அட்டைத் துண்டில் 'நாத்தனார்' என்று எழுதி, வாடிக்கைக்காரர்களின் அளவுக் காகிதங்களோடு ஆணியில் மாட்டினாள்.

"அதை எதுக்கு மாட்டுறீங்க?"

"அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசா வேணும்னு வந்து நிப்பியே!"