ஒன்பது செக்கன் யன்னல்

1.

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. தொலைக்காட்சி ஒளிப்பதிவாளரும் நெறியாளருமான ஹாஷிமுக்குக் கொட்டாஞ்சேனையில் பாராட்டு விழா. மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவன் என்பதுதான் என் ஒரே தகுதி. அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இலக்கமிட்டுப் பிரதி வைப்பேன்; சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் பழக்கிவிட்டது.

முதல் தொடக்கம்: "சின்னத்திரையின் ஒளிவிளக்கு ஹாஷிம் அவர்கள்..." (வெட்டிவிட்டேன். செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரி இருந்தது.)

இரண்டாவது: "பதின்மூன்று வார நாடகமொன்றைத் தானே படம்பிடித்து நெறிப்படுத்தியவர், பிறகு பத்தொன்பது வருடம் லொத்தர் சீட்டிழுப்பை மட்டும் ஏன்..."

இந்த வசனத்தை முடிக்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

2.

"லொத்தர்ல ஒரு நல்லது ஈக்கிது ஐயா. உருண்டு வார நம்பர்ப் பந்துக்கு நடிப்புச் சொல்லிக் குடுக்கத் தேவல்ல" என்றார் ஹாஷிம்.

"பிறகு ஏன் உங்களுக்கு நாடகம் தரேல்லை?"

பைலுக்குள்ளிருந்து ஒரு போட்டோப் பிரதியை எடுத்தார்.

"தொண்ணூத்தேழு. நாடகத்தில உம்மாக்காரி தேத்தண்ணி ஊத்துறா. பின்னால யன்னல். வெளிய, நெசமாவே, பொலிஸ் தமிழ்ப் பொடியன்மார வரிசையில நிப்பாட்டி ஐடென்டிகாட் பாக்குது. வேணுமெண்டுதான் பிடிச்சேன். மேல ஒருத்தருக்கும் விளங்கல்ல. ரெண்டு கிழமையில இது ஸ்டேஷன் பெரியவங்கட கைக்கு வந்திச்சு."

தட்டச்சுக் கடிதம். பெயர் இல்லை. "யன்னலுக்கு வெளியே நடப்பதை ஒன்பது செக்கன் காட்டிய துணிவைப் பாராட்டுகிறேன். இது தற்செயலல்ல என நம்புகிறேன்."

"விசாரணையில தற்செயல் எண்டுதான் சொன்னேன். அந்தக் கடைசி வரிய வாசிச்சுக் காட்டினாங்க. பொறகு லொத்தர்தான்."

"ஆர் எழுதினது?"

"சிறில். எங்கட எடிட்டர். ஒம்போது செக்கன் எண்டு அளந்து சொல்ல வேற யாருக்கு ஏலும்? பாராட்டுற மாதிரி மாட்டிவிட்டான். இருவத்தெட்டு வருஷமா நான் அவன்ட மூஞ்சில முழிக்கல்ல."

"அவர், தான் எழுதல்லண்டு எத்தின தரம் சொல்லி அனுப்பினார்" என்றார் தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி ஸீனத். "இப்ப ஹெந்தளையில படுக்கையோட ஈக்கிறார். டொக்டரும் கைவிட்டாச்சாம். போய்ப் பாருங்கண்டா இந்த மனுஷன் கேட்டாத்தானே."

"ஒத்துக்கொள்ளட்டும். போறேன்."

3.

கடித இலக்கம் 412. பிரதி என்னிடம் இருக்கிறது.

மறுஒளிபரப்பின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒன்பது. பாராட்டென்றாலும் பிழையில்லாமல் இருக்க வேண்டுமே.

(நான் கையொப்பமிடாத ஒரே கடிதம் அது. அந்த நாளில் வெள்ளவத்தையிலிருந்து அப்படியொரு கடிதத்தைப் பெயர் போட்டு எழுதப் பயம். இன்னொருவரின் துணிவை மெச்சிவிட்டு என் பெயரைப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.)

தேத்தண்ணியைக் குடித்தேனா என்பது நினைவில்லை. "அப்ப நான் வாறன்" என்றேன்.

4.

முடிவு அ: கடிதம் எழுதியவர் யாரோ ஒரு நேயர்; எப்போதோ இறந்துவிட்டார்; ஹாஷிம் ஹெந்தளைக்குப் போகிறார். (பொய். ஆனால் வேலை செய்யும்.)

முடிவு ஆ: நான் முதலில் சிறிலிடம் மன்னிப்புக் கேட்கிறேன். (போனேன். வீட்டுக் கேற்றடியில் அவருடைய மகள், "ஆரைத் தேடுறீங்க அங்கிள்?" என்றாள். "வீடு மாறி வந்திட்டன் பிள்ளை" என்று திரும்பி...)

முடிவு இ:

இல்லை. அச்சுக்கு முன் மலரின் பக்கங்களை வாசித்துத் திருத்தப்போவது ஹாஷிம்தான் என்றார்கள். ஆகவே, ஹாஷிம் நானா, பேனை உங்கள் கையில். வேண்டாததை வெட்டுங்கள், முழுவதையும் வெட்டினாலும் சரி. மற்றவர்கள் இதை வாசிக்கிறார்கள் என்றால் நீங்கள் வெட்டவில்லை. ஹெந்தளைக்குப் போனீர்களா என்பது அப்போதும் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சிறில் விழித்திருப்பாராம்.

இ. தில்லைநாதன்
வெள்ளவத்தை

(412ஆம் இலக்கக் கடிதத்துக்கும் இதுவே கையொப்பம்.)