முழுதாகப் புரிந்த செய்தி

கணவன் வேலை பார்க்கும் இத்தாலிக்குப் போவதற்காக, பருத்திப்பட்டு மதிவதனி அந்நாட்டு மொழியைப் படித்து வந்தாள். அங்கே அவனோடு மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்த பியெரோ, அவள் கேட்டுப் பழகுவதற்காகத் தன் சமையலையும் ஊர்ச்செய்தியையும் தினமும் நிதானமாகப் பேசி அவள் கைபேசிக்கு அனுப்புவார். சில நாளாக எதுவும் வரவில்லை.

பயிற்சிக்காகக் கைபேசியில் கணவன் இருக்கும் ஊரின் வானொலியைப் போட்டாள். முதன்முறையாக ஒரு செய்தி முழுதாகப் புரிந்தது. டிராக்டர் கவிழ்ந்து இறந்த பண்ணைத் தொழிலாளி பியெரோவுக்கு இன்று நல்லடக்கம்.

உடனே கணவனை அழைத்தாள். "இன்னாங்க, பியெரோ செத்துட்டாரா?"

"நீ அயுவேன்னுதான் சொல்லல மதி. யாரு சொன்னா?"

"ரேடியோல சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சிச்சி."

மதியம் உலை கொதித்தபோது அவள் வாய் தானாக, தண்ணீருக்கான இத்தாலிச் சொல்லான 'ஆக்குவா'வைச் சொன்னது. குரல் அவளுடையதாக இல்லை, பியெரோவுடையதாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றாள்.