கால்வாய் போகும் வழி

அக்கரை நாட்டுப் பொறியாளர் வரைபடத்தின் மேல் விரலை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்கவில்லை. அவர் வாய் திறக்கட்டும் என்று மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தாள்.

ஆற்றின் இரு கரையிலும் இருந்த இரண்டு நாடுகள் சேர்ந்து ஓர் அணுமின் நிலையம் கட்டவிருந்தன. எரிபொருள் யாருடையது, கழிவுக்கு யார் பொறுப்பு, வெளிநாட்டுப் பார்வையாளர்கள் எந்தக் கதவுவரை வரலாம் என்று வரிக்கு வரி மல்லுக்கட்டி, ஒருவழியாகக் கையெழுத்துக்கு வந்திருந்தார்கள். அது முடிந்தால் எல்லைச் சாவடிகளையே எடுத்துவிடலாம் என்றும் பேச்சு. அவள் இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் “நான்” என்றாலும் தானும் “நான்” என்றே சொல்லிப் பழகியிருந்தாள். வீடு திரும்பும்போது அந்த “நான்”கள் செருப்புச் சத்தம்போலப் பின்னாலேயே வரும்.

வாசலில் அம்மா நிற்பாள். “அண்ணனைப் பத்தி அவங்ககிட்டக் கேட்டியாடி?”

இரு நாடுகளும் மோதிக்கொண்ட போரில் சிப்பாயாக ஆற்றைக் கடந்துபோன அண்ணன் திரும்பவில்லை. செத்தான் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை.

“அங்க என் வாய்க்குத்தான்மா வேலை. எனக்கு இல்லை.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பொறியாளர் இப்போது பேசினார். அவள் தமிழில் சொன்னாள்: “உலையைக் குளிர்விக்கிற தண்ணிக்காக முன்கூட்டியே கால்வாய் தோண்டின இடத்துல ஆளுங்க கிடைச்சிருக்காங்க. வெறும் எலும்பா. உங்க ராணுவத்துப் பூட்ஸோட. நான் வேலையை நிறுத்திட்டேன்.”

தன் முதுகுக்குப் பின்னால் நின்று வேறு யாரோ பேசியதுபோல் அவளுக்கு இருந்தது.

அவள் தரப்புத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைக் கிளறினா ரெண்டு பக்கமும் கூச்சல் கிளம்பும். எல்லாம் பாழாப் போயிடும். இது இந்த அறையோட இருக்கட்டும்னு சொல்லும்மா.”

ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் வாய் மூடவில்லை. “முன்பல் பாதி உடைஞ்ச ஒருத்தர் அதுல இருந்தாரா?” என்று அக்கரை மொழியிலேயே கேட்டுவிட்டாள்.

பொறியாளர் தலைவரைப் பார்த்தார், பிறகு அவளை. “இதைக் கேக்கறது அவரா?”

“இல்லை. நான்.”

“என்னம்மா கேட்டே?” என்றார் தலைவர்.

“நான் கிட்டப் போய்ப் பாக்கலைம்மா. துணி போத்தச் சொல்லிட்டு வந்துட்டேன்,” என்ற பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டினார். “கால்வாய் அந்த வழியா போறதா இருந்தா, என் கையெழுத்து இல்லாம போகட்டும். இதையும் சொல்லிடுங்க.”

சொன்னாள். அன்று மாலையே அவள் வேலை போயிற்று. கையெழுத்து, காரணம் சொல்லாமல், தள்ளிப்போனது. அடுத்த வாரம் பொறியாளர் அனுப்பிய படகில் அவளும் அம்மாவும் ஏறினார்கள்.

அக்கரையில், தோண்டும் இயந்திரம் கையை மண்ணில் ஊன்றியபடி நின்றது. மேட்டில் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் கிடந்தன. “யார் யாருன்னு சோதனை பண்ணித்தான் சொல்ல முடியும்,” என்றார் பொறியாளர். அதை அம்மாவிடம் சொல்லத் திரும்பினாள். பக்கத்தில் அம்மா இல்லை.

ஆற்றுக் காற்றில் துணிகளின் ஓரங்கள் படபடத்தன. அம்மா குனிந்து, ஒரு கல்லை எடுத்து, முதல் துணியின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். அடுத்ததற்கும் வைத்தாள். பிறகு கல் தேடிக் குனிந்து குனிந்து, அதற்கடுத்ததை நோக்கி நடந்தாள்.