ஓடுகிறவள் குரல் கொடுக்க வேண்டும்

எங்கள் மலையில் ஒருத்தர் ஓடினால் காரணம் இரண்டில் ஒன்று. பஸ் போகிறது, இல்லையென்றால் காட்டெருமை வருகிறது. ஐம்பத்தேழு வயதில் ஒருத்தி பயிற்சிக்காக ஓடுகிறாள் என்று யாருக்கும் தோன்றாது. அரவேணு ரோட்டில் நான் ஓட ஆரம்பித்த புதிதில் கோத்தகிரி பஸ் தினமும் எனக்காக நின்றது. வரவில்லை என்று கையாட்டினாலும் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுங்கம்மா, சில்லறை நாளைக்குக் குடுத்துக்கலாம்" என்பார். எரிச்சலாக வரும். நல்ல மனசுக்காரர்களிடம் எரிந்து விழவும் முடியாது.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய். கடைசி மாதங்களில் பேச்சு போய்விட்டது. நான் சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று கூப்பிட்டால் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவார். பிறகு அதுவும் நின்றது. டாக்டர்கள் நோய்க்கு நீளமாக ஒரு பேர் சொன்னார்கள். மருந்தைக் கேட்டால் மட்டும், ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டக் கோவையில் மாரத்தான் நடத்துகிறார்கள் என்று என் மகள் ரேகா போனில் சொன்னதும், என் பேரையும் சேர்த்துவிடு என்றேன். "நீ நன்கொடை குடுத்தாப் போதும்மா" என்றாள். எனக்குப் போதாது. பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க அந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை. அந்த வீட்டில்தான் என்னால் உட்கார முடியவில்லை.

இவர் போன பிறகு 'ஏனுங்க' என்ற அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் யாரைக் கூப்பிட்டாலும் 'ஏனுங்க'தான். நானோ காய்கறிக்காரரை அண்ணா என்பேன், பால்காரரைத் தம்பி என்பேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வராமல் போவதை இன்னொரு முறை தாங்க முடியாது.

பஸ்ஸுக்குப் பயந்து தேயிலை எஸ்டேட் பாதைக்கு மாறினேன். மேடு பள்ளம் அதிகமில்லாத வேறு பாதை பக்கத்தில் கிடையாது. போன முதல் நாளே வினை. மூடுபனி இறங்கியிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு என் உருவம் தெரியவில்லை, தடதடவென்ற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. "மாடு! காட்டு மாடு!" என்று யாரோ கத்த, பைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். நிஜமாகவே காட்டெருமை வருகிறது என்று நினைத்து நானும் அவர்களோடு ஓடினேன். பாக்டரி கேட்டுக்கு வந்துதான் நின்றோம். தெய்வம்மா என்ற பெண் வாய்க்காலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள்.

அவர்களை வேலை வாங்குகிற மேஸ்திரி பாண்டியன் வந்தார். "ஏனுங்கம்மா, உங்க ஓட்டத்துக்கு எங்க ஆளுங்க கைகாலு போகோணுமா? நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதீங்க."

"அப்ப நான் எங்கதானுங்க ஓடறது?" என்றேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், அழுகையாக வந்தது. ரோட்டில் பஸ் விடாது, இங்கே மேஸ்திரி விடமாட்டார். ஓட்டமும் போய்விட்டால் மறுபடி அந்த வீடுதான்.

முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த தெய்வம்மா தலையைத் தூக்கினாள். "ஓடுனது தப்பில்ல மேஸ்திரி. ஊமையா ஓடுனதுதான் தப்பு. பனி எறங்கினா குரல் குடுத்துக்கிட்டுத்தான் வரணும். கேக்குறவங்க பதில் குரல் குடுக்கணும். இங்க அதானே வழக்கம்? இந்தம்மாவுக்கு யாரும் சொல்லல போல."

பாண்டியன் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒரு நாளு பாக்கறனுங்க. ஒருத்தராச்சும் பயந்து ஓடினா அவ்வளவுதான்."

மறுநாளும் பனி. நீட்டினால் என் கையே எனக்குத் தெரியவில்லை. குரல் கொடு என்றால் சுலபமா? பேச ஆளில்லாமல் நாள் முழுக்க வாய் திறக்காதவள் நான். "ஓய்" என்று சொல்லிப் பார்த்தேன், இருமல் மாதிரி வந்தது. வளைவு திரும்பியதும் பக்கத்தில் தேயிலைச் செடிகள் சலசலத்தன. ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது கூப்பிடாவிட்டால் நேற்றைய கதைதான். பதறிப்போய் வாயைத் திறந்தேன். முப்பது வருஷமாக ஊறிப்போனதுதான் வந்தது.

"ஏனுங்க!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பனிக்குள் ஒரு சத்தமும் இல்லை. பதில் எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

"இருக்கேன்!"

ஆண்குரல். மேட்டிலிருந்து வந்தது. பாண்டியன்தான், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் நின்றுவிட்டது. "இருக்கேனுங்க, வாங்க!" என்றார் மறுபடியும். அவர் பின்னாலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்கள், "இருக்கோம்! இருக்கோம்!" என்றார்கள். நடுப்பாதையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நல்லவேளை, பனியில் யாருக்கும் தெரியவில்லை.

"என்ன, சத்தத்தக் காணோம்?" தெய்வம்மாவின் குரல் கேட்டது. "நின்னுடாதீங்கம்மா. கூப்புட்டுக்கிட்டே போங்க."

கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். எஸ்டேட் முடிகிற வரை ஒவ்வொரு வளைவிலும் யாராவது பதில் சொன்னார்கள். யாரும் பயந்து ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஷூவைக் கழற்றாமலே, உள்ளே பார்த்து ஒரு முறை கூப்பிட்டேன். பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். நாளைக்கும் பனி இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.