நான்கு மூடிகள்

நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கிய என் ஆய்வு வழிகாட்டி ஹேமலதா மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“மெரின், மருந்து போடாத தட்டுலதான் ரெண்டு ரெண்டு உட்கரு இருக்கு. மருந்து போட்டதுல ஒண்ணுமே ஆவல. இதை யாரும் சொன்னதில்ல.”

செல் பிரியும் கடைசிக் கட்டத்தில் ரோ என்ற புரதம் சைகை கொடுக்கும். ஆக்டின் இழைகள் சுருக்குக் கயிறு போல நடுவில் இறுகி, செல்லை இரண்டாக்கும். ரோவை மருந்தால் அடக்கினால் கயிறு இறுகாது. ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் தங்கிவிடும். தெரிந்த விஷயம்தான். அதைத் திரும்பச் செய்து பார்ப்பது என் எம்.எஸ்சி. புராஜெக்ட்.

எனக்குத் தலைகீழாக வந்திருந்தது. சென்னைக் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நேரம் அன்று மாலை ஐந்து மணி. மேடம் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்த்து, மூன்றரைக்கே சுருக்கத்தை அனுப்பிவிட்டார். நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் வேலை செய்யும் தட்டாஞ்சாவடிப் பட்டறை முழுக்க அதற்குள் தெரிந்திருக்கும்.

“பேரு அச்சுல வரப்போவுது. மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனியாடி?” என்றாள் பக்கத்து மேசை சிவசங்கரி. “பஃப்ஸாவது வாங்கிக் குடு.”

சிரித்துவிட்டு, இன்னொரு முறை பார்ப்போம் என்று குனிந்தேன். மருந்து படாத செல்லில் ஆக்டின் இழைகள் குறுக்கே விறைப்பாக ஓட வேண்டும். அவற்றைக் கட்டி நிறுத்துவதும் ரோதான். ஓர் இழைகூட இல்லை. மருந்து போட்டதாக எழுதிய தட்டில் வரிவரியாக இருந்தன.

நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்தேன். நேற்று சாயத்தைக் கழுவியபோது நான்கு தட்டுகளின் மூடிகளையும் ஒன்றாகக் கழற்றி வைத்தேன். அடையாளத்தை மூடிமேல் மட்டும் எழுதியிருந்தேன். தட்டின் அடியில் எழுதவில்லை.

மணி நாலரை. மேடத்தின் அறை வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போய்விட்டேன்.

“மேடம்... மூடி மாறிடுச்சின்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா, தெரியுமா?”

“இழையப் பாத்தேன் மேடம். தெரியும்.”

“மூடியிலதான் எழுதுனியா?”

தலையாட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லு.”

“ஆமா மேடம்.”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“உக்காரு. வாபஸ் வாங்கறோம்னு நீயே மெயில் அடி. காரணத்தையும் எழுது.”

அடித்தேன். இணையம் நகரவில்லை. நாலு ஐம்பது. ஐம்பத்தைந்து. ஐந்துக்குப் பட்டியல் அச்சுக்குப் போய்விடும். மேடம் என் பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது.

நாலு ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“திங்கக்கெழம சோதனையத் திரும்பப் போடு,” என்றார்.

வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில் காசு போட்டேன், அப்பாவிடம் சொல்லிவிட. பட்டறையில் அப்பாவே எடுத்தார்.

“சொல்லும்மா. ஓனரே லட்டு வாங்கியாரச் சொல்லிட்டாரு.”