ஆக்டிங் டிரைவர்

கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்; அந்தப் பூசைக்குக் கல்யாணப் பெண் போகக் கூடாது என்பது வினோலியா வீட்டு வழக்கம். அதனால் மூன்றாம் ஓலையையும் அவள் சமையலறை ஜன்னலில் நின்றுதான் கேட்டாள். கோயில் ஒலிபெருக்கியில் பங்குச் சாமியாரின் குரல் கரகரத்தது. "மணமகன் அலெக்ஸ், இந்திய விமானப்படை, டெல்லி." அடுத்து தன் பெயர் வந்ததும் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் யாருமில்லை, இருந்தாலும்.

மேச்சேரிக்காரனான அலெக்ஸை அவள் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தபோது நிமிரவே இல்லை. நிச்சயத்தன்று அவனுக்கு வலப்பக்கம் உட்கார வைத்தார்கள். கடைக்கண்ணால் பார்த்ததில் ஒரு காது தெரிந்தது. போட்டோக்காரர் இருவர் முகத்தையும் அரிசி மாவு பூசியதுபோல் வெளுக்க வைத்துவிட்டார். முகாமில் கேமரா வைத்த போன் கூடாதாம். ஆக, அவளுக்கு அவன் என்றால் ஒரு காதும் ஒரு குரலும்தான்.

தலைநகரத்து வானத்தைக் காக்கும் கட்டளையகத்தின் கீழ் ஒரு விமானத்தளத்தில் அவனுக்கு வேலை. விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பும் டேங்கரை ஓட்டுகிறான். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அவள் அப்பா யாகப்பனுக்கு இது முதலிலிருந்தே வேடிக்கை.

"டேங்கர் ஓட்டறதுக்கு டெல்லி வரைக்கும் போகோணுமாக்கும்? நம்மூரு பெட்ரோல் டிப்போ வாசல்ல வரிசையா நிக்குதே!"

மூன்றாம் ஓலை வாசித்த அன்று சாயங்காலமே அலெக்ஸ் கூப்பிட்டான்.

"வினோ, லீவ நிறுத்திட்டாங்க. குடியரசு தினம் முடிஞ்சா உட்டுருவாங்கன்னுதான தேதி வெச்சோம்? இப்ப வெளிநாட்டுத் தலைவருங்க மாநாடாம். டெல்லியச் சுத்தி எங்க கமாண்டுல ஒருத்தருக்கும் லீவ் இல்ல."

"அப்ப எப்பங்க வருவீங்க?"

"மாநாடு முடிஞ்சாத்தான்."

மாநாடு முடிவதற்குள் சாம்பல் புதன் வந்துவிடும். தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் இல்லை. அம்மா இன்னாசிமேரி முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

யாகப்பன் அழவில்லை. "இதுக்கு எதுக்கு அழுவுற? நம்ம டிரைவர் ஊட்டுல விசேஷம்னா என்ன பண்றோம்? ஆக்டிங் டிரைவரப் போட்டுட்டு அவன அனுப்பி வெக்கறதில்லியா?"

"ஏனுங்க, அது பட்டாளமுங்க."

"பட்டாளத்து டேங்கருக்கு மட்டும் ஸ்டியரிங் கிடையாதா?"

ஜவ்வரிசி லோடுடன் அவருடைய லாரி ஒன்று அப்போது டெல்லிக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அதன் டிரைவரான சென்னிமலைக்கு யாகப்பன் போன் போட்டார். "லோடு எறக்கிட்டு மாப்பிள்ளையோட கேம்ப் கேட்டுக்குப் போ. டேங்கர நான் பாத்துக்கறேன், பையன ஊருக்கு அனுப்புங்கன்னு சொல்லு. லைசென்ஸக் காட்டு."

நடக்கிற காரியமில்லை என்று வினோலியாவுக்குத் தெரியும். போனை வாங்கித் தடுத்திருக்கலாம். அவள் தடுக்கவில்லை. ஒருவேளை என்று ஒரு நினைப்பு.

லோடு இறங்கிய மறுநாள் காலையில் அலெக்ஸ் கூப்பிட்டான். அவன் கூப்பிடுகிற நேரமே இல்லை.

"உங்கப்பா ஆளு அனுப்பிச்சாரா?"

"அனுப்பிச்சாருங்க."

"கேட்டுலயே புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. மாநாட்டு நேரத்துல இப்படி ஒரு ஆளு வந்தா? ஆபீசர் என்னையக் கூப்புட்டு, உனக்குப் பதிலா டேங்கர் ஓட்டறேங்கறானே, யாரு இவன்னு கேக்கறாரு."

"திட்டுனாங்களா?"

"வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் சிரிச்சுட்டாரு. கம்பிக்கு இந்தப்பக்கம் நின்னு சென்னிமலை அண்ணன்கிட்டப் பேச உட்டாரு."

"லீவு?"

"இல்ல வினோ. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கேட்டிருக்கறேன்."

"செரிங்க" என்றாள்.

சென்னிமலை திரும்பி வந்தது சாம்பல் புதனன்று. கணக்கை ஒப்படைக்க வீட்டுக்கே வந்தார். யாகப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். காலைப் பூசையில் நெற்றியில் இட்ட சாம்பலோடு டீ கொண்டுவந்த வினோலியா டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏனுங்கண்ணா, எப்படி இருந்தாங்க?"

"யாரு, அந்த ஆபீசருங்களா? நல்லா கனத்த மீச வெச்சிருந்தாரு."

"அண்ணா!"

"மாப்பிள்ளைக்கென்ன சாமி, கொஞ்சம் எளச்சுட்டாப்ல. பனி அப்படி. சிரிச்சா எடதுபக்கப் புருவம் மட்டும் மேல ஏறுது. அதுல ஒரு தழும்பு இருக்குதே, சின்ன வயசுல உழுந்ததாக்கும்?"

தெரிந்ததுபோல் தலையாட்டினாள். இடது புருவம். நிச்சயத்தன்று அவள் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். ஜவ்வரிசி லோடு கொண்டுபோன மனிதர் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கட்டிக்கொள்ளப் போகிறவள் இன்னும் பார்க்கவில்லை. காலி டம்ளரை வாங்கவும் மறந்து உள்ளே போனாள்.

சாயங்காலம் போன் வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"உங்க எடது புருவத்துல என்னங்க தழும்பு?"

அந்தப்பக்கம் அவன் சிரித்தான். இப்போது புருவம் ஏறியிருக்கும் என்று நினைத்தாள். "அதுவா? அது பெரிய கத..." என்று தொடங்கினான். அதற்குள் விமானத்தின் இரைச்சல் வந்து அவன் குரலை மூடியது. இரைச்சலுக்கு நடுவே, "வண்டி எடுக்கோணும் வினோ, அப்புறமா" என்று கேட்டது. போன் நின்றுவிட்டது.

அவள் தன் இடது புருவத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் சாம்பல் ஒட்டியிருந்தது.